பென்சிலில் எடுத்த நம்பர்

மரியே வாழ்க

அம்பத்தூர்
ஜூன் 9

அன்புள்ள கணவர் பாஸ்கல் அவர்களுக்கு, மனைவி ரியா எழுதிக்கொள்வது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அத்தையும் இங்கே நன்றாக இருக்கிறோம். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, வாய்தான் கட்டுப்பாட்டில் இல்லை. மஸ்கட்டில் வெயில் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். மத்தியானத்தில் வெளியே நிற்க வைத்தால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நமக்கு இரண்டாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை நிமிடத்திலேயே வந்துவிட்டது. கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. பின்தெரு கஜபதி அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவரின் வாயில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் உடனே எழுதுங்கள். அண்ணன் நல்லவர்தான். ஆனால் நாலு மணி நேரம் விமானத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நல்லவர் என்ன செய்வார் என்று யாருக்குத் தெரியும்.

விஷயம் உங்கள் கார்தான். டிசம்பர் மழையில் நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருந்திருந்தால் முதல் நாளே வண்டியைப் பாடி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியிருப்பீர்கள். ஊரே அங்கேதான் நிறுத்தியிருந்தது. லைசன்ஸ் வைத்திருக்கும் நான் செய்திருக்கலாம். செய்யவில்லை. அந்த வண்டியை நான் தொட்டே வருஷக்கணக்காகிறது, காரணம் பிறகு சொல்கிறேன். தண்ணீர் இன்ஜினுக்குள் போய் ஒரு வாரம் நின்றுவிட்டது. இப்போது அது சுற்றவே மாட்டேன் என்கிறது.

ஏப்ரலில் உங்கள் மெக்கானிக் தேவராஜ் வந்து, கட்டி இழுத்துக்கொண்டு, பூந்தமல்லி பக்கத்தில் சென்னீர்குப்பத்தில் இருக்கும் அவன் ஷெட்டுக்குக் கொண்டுபோனான். இரண்டு மாதமாக அது அங்கே நிற்கிறது. முப்பது வருஷத்து ஜப்பான் வண்டி, இரண்டே சீட்டு, இந்த ஊர்ப் பள்ளங்களில் தரையிலிருந்து ஒரு சாண் உயரம். இதற்கு நல்லது கெட்டது பார்க்க நான். போன வாரம் தேவராஜ் போனில் கூப்பிட்டு, 'அண்ணி, உள்ள துருப் புட்ச்சி எல்லாம் ஜாம் ஆயிகீது. இத நோண்டினா நோண்டிகினே இருக்க வேண்டியதுதான். இதே மாடல் வேற இன்ஜின் ஒண்ணு துறைமுகத்துல வந்துகீது, பதினஞ்சு நாள்ல மாட்டிக் குடுத்துர்றேன்' என்றான். பழைய இன்ஜினை என்ன செய்வாய் என்று கேட்டேன். 'அது இன்னாத்துக்கு அண்ணி, இரும்புக் கடைக்குத்தான்' என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். குரலிலேயே திரும்பியது தெரிந்தது.

பூந்தமல்லியில் ஆர்.டி.ஓ. ஏஜென்ட் ஆபீசில் பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போனவர் கையெழுத்தோடு விற்பனைப் படிவம் வரும், திருட்டு வண்டி மாலை போட்டுக்கொண்டு வரும். எனவே நான் பாடியில் ராமன் என்பவரைப் போய்ப் பார்த்தேன். பழைய இன்ஜின்களின் சிலிண்டரைக் கடைந்து, உள்ளே புது உறை போட்டுக் கட்டித் தருகிறவர். 'துரு தானேம்மா, இன்ஜின் எய்ந்துக்கும். ஜப்பான்லேர்ந்து பிஸ்டன் வரணும், அஞ்சு மாசம் ஆவும். அவசரப்படாதே' என்றார். அவர்மேலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்கு வேலை வேண்டும், அதனால்கூடச் சொல்லலாம் இல்லையா. ஆனால் பதினைந்து நாளில் முடிப்பேன் என்கிறவனைவிட ஐந்து மாதம் ஆகும் என்கிறவர்மேல் எனக்குச் சந்தேகம் கொஞ்சம் குறைவு.

இப்போது மிச்சச் சந்தேகத்துக்கு வருகிறேன். அது உங்கள் பேரில். ஞாயிறு போனில், 'வேற இன்ஜின் போட்டு வித்துடு' என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சட்டையைக்கூட மாற்றாமல் அதன் அடியில் படுத்துக்கொள்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது? டிசம்பரில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றீர்கள். போடப்போகிறீர்களா என்றால் 'பாக்கலாம்' என்கிறீர்கள். வண்டியை விற்கச் சொல்கிறவர் டிசம்பரில் வீட்டுக்கு வருகிறவரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் இல்லை என்று எழுதினால் நம்ப முயல்கிறேன்.

ஒன்று மட்டும் நினைவுபடுத்துகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டியைப் பெயர் மாற்ற எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவந்தீர்கள். இன்ஜின் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எடுக்க நான்தான் வந்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் நம்பரைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்தேன். வெயில் என் கண்ணில் பட்டது என்று நீங்கள் ஃபைலை எடுத்துக் குடை மாதிரி பிடித்தீர்கள். ஒரு பிரிண்ட் போதும், நான் இரண்டு எடுத்தேன். இரண்டாவது இன்றைக்கும் என் பைபிளில் இருக்கிறது. அதை ஏன் எடுத்தேன் என்று நீங்கள் கேட்டதில்லை.

லைசன்ஸ் வாங்கிய நாளையும் நினைவுபடுத்துகிறேன். ஊருக்கெல்லாம் லைசன்ஸ் வாங்கித் தருகிற ஆபீசில் இருந்துகொண்டு இரண்டு முறை டெஸ்டில் தோற்றவள் நான். மூன்றாம் முறை பாஸ் ஆனேன். ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்துவிட்டு, உங்கள் வண்டியைத் தனியாக நானே ஓட்டிக்கொண்டு, வேலப்பன்சாவடி வந்து நூம்பல் வழியாக வீடு வந்து சேர்ந்தேன். நூம்பலில் லாரி ஒன்று குறுக்கே நின்று முக்கால் மணி நேரம் நெரிசல். அப்போதும் நான் வண்டியை அணைக்கவில்லை, திரும்ப ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன செய்வது என்று பயம். வாசலில் நீங்கள் நின்றீர்கள். பெட்ரோல் முள் கடைசிவரை மேலேயே இருந்தது, டேங்க் அப்படியே நிறைய இருக்கிறது, பாருங்கள் என்று பெருமையாகக் காட்டினேன். நீங்கள் முள்ளைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். முன்னால் ஆவி வந்தது. 'புது டிரைவர்னா வண்டிக்கே வேர்க்கும்' என்று சிரித்தீர்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

சனிக்கிழமை சென்னீர்குப்பம் போகிறேன். எதற்கும் சம்மதம் சொல்வதற்கு முன்னால் இன்ஜின் நம்பரைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்வேன். தேவராஜுக்கு நீங்கள் முன்கூட்டியே போன் செய்து சொல்லக்கூடாது. சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

மாதா உங்களோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
ரியா

பி.கு: அத்தை பேரீச்சம்பழம் கேட்கச் சொன்னார்கள். சர்க்கரை இருக்கிறது, அனுப்ப வேண்டாம்.


மரியே வாழ்க

அம்பத்தூர்
ஜூன் 17

கணவர் பாஸ்கல் அவர்களுக்கு, ரியா எழுதுவது.

அன்புள்ள என்று போட வரவில்லை, அதனால் போடவில்லை. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

சனிக்கிழமை போனேன். தேவராஜ் டீ வாங்கி வருகிறேன், உட்காருங்கள் என்றான். நான் உட்கார வரவில்லை என்று சொல்லி, வண்டியின் முன்மூடியைத் திறக்க வைத்தேன். துடைத்தேன், தாள் வைத்தேன், தேய்த்தேன். கடைசி மூன்று எண் 283. பைபிளில் இருக்கும் தாளில் கடைசி மூன்று எண் 617. ஆர்.சி. புத்தகத்திலும் 617. மூன்று தடவை எடுத்தேன், தாள் நகர்ந்திருக்குமோ என்று. மூன்று தடவையும் 283.

அதாவது, உங்கள் நம்பிக்கைக்குரிய தேவராஜ் நம் இன்ஜினை எடுத்துவிட்டு யாருடையதோ துருப்பிடித்த இன்ஜினை உள்ளே வைத்திருக்கிறான். இப்போது அதையும் எடுத்துவிட்டு மூன்றாவதாக ஒன்று போடுகிறேன் என்கிறான். நான் சத்தம் போட்டேன். பக்கத்து பஞ்சர் கடையிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. 'எங்க ஆத்தா மேல சத்தியமா அண்ணி, வெள்ளத்துக்கு அப்புறம் நான் ஒரு போல்ட்டுகூடக் கயட்டல' என்றான். வெள்ளத்துக்கு அப்புறம் என்றால் என்ன அர்த்தம், வெள்ளத்துக்கு முன்னால் கழற்றினாயா என்று கேட்டேன். கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடிக்க ஆரம்பித்தான். கடைசியில், 'அண்ணாத்தகிட்டயே கேளுங்க அண்ணி, என்னிய உட்டுருங்க' என்றான்.

திருடன் பிடிபட்டால் முதலாளியைக் கேள் என்பான், எங்கள் ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவன் சொன்ன விதம் அப்படி இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வருகிற வழியெல்லாம் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி அம்பத்தூர் எஸ்டேட் வரை போய்விட்டேன்.

ஆகவே அந்த அடுத்த வாரத்தைப் பற்றி இப்போது எழுதத்தான் வேண்டும்.

நான் லைசன்ஸ் வாங்கியது மூன்று வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரி பத்தாம் தேதி. பதினான்காம் தேதி, தேதியைக் கவனியுங்கள், கம்பெனியில் ஓசூருக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனீர்கள். பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். வண்டி சர்வீசுக்குத் தேவராஜிடம் இருக்கிறது என்றீர்கள். நாலு நாள். திரும்பி வந்த அன்று சட்டையைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டில் மாநகரப் பேருந்து டிக்கெட் ஒன்று இருந்தது, பூந்தமல்லி போகிறது, பிப்ரவரி பதினாறு. ஓசூரில் மாநகரப் பேருந்து ஏது? உங்கள் கையில் ஒரு வாசனை. நம் வீட்டுச் சோப்பு இல்லை. எலுமிச்சையும் வேறு ஏதோ பூவும் கலந்த வாசனை. நாலு நாள் ஒரு மனிதர் வேறு வீட்டுச் சோப்பில் கை கழுவினால் மனைவி என்ன நினைப்பாள்?

நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பொய் சொல்வீர்கள், அதையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். டிக்கெட்டைப் பைபிளில் அதே பிரிண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறப் பிடிக்கவில்லை. அதில் யார் உட்கார்ந்தார்களோ என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். நீங்கள் வா ஒரு ரவுண்டு போகலாம் என்பீர்கள், தலைவலி என்பேன். இரண்டு சீட்டு வண்டியில் ஒரு சீட்டு காலியாகவே ஓடியது. பிறகு மஸ்கட் வேலை வந்தது, போகட்டுமா என்று கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். மூன்று வருஷமாக மனதில் வைத்திருந்ததை இன்றைக்கு எழுதிவிட்டேன்.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த நாலு நாளில் நீங்கள் இன்ஜினை யாருக்கோ கொடுத்துவிட்டீர்கள். யாருக்கு, எதற்கு? ஒரு மனிதர் உயிராக வைத்திருந்த பொருளைச் சும்மா யாருக்கும் கொடுக்க மாட்டார். அந்த யார் என்பது எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அழுது முடித்துவிட்டு வேலைக்குப் போவேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். கையில் கிடைத்துப் பத்து நாளுக்குள் விவரம் வராவிட்டால், என்னிடம் இருக்கும் பழைய பிரிண்டையும் புதிய பிரிண்டையும் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் தேவராஜ்மேல் புகார் கொடுப்பேன். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள், அது எனக்கும் தெரியும். அதனால்தான் பத்து நாள்.

வெயிலில் நிற்காதீர்கள். கோபம் வேறு, அது வேறு.

ரியா


மரியே வாழ்க

அம்பத்தூர்
ஜூலை 14

என் அன்புள்ள பாஸ்கலுக்கு, உங்கள் ரியா எழுதுவது.

நாங்கள் நலம். அத்தை நேற்று யாருக்கும் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பாயசம் குடித்துவிட்டு, இல்லை என்று சாதித்தார்கள். உதட்டில் முந்திரி ஒட்டியிருந்தது. உங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒழுங்காகப் பொய் சொல்ல வரவில்லை என்று சொன்னேன். அத்தைக்குப் புரியவில்லை, உங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் புரியும்.

என் கடிதம் கிடைத்ததும் போன் செய்தீர்கள். சொன்னது இரண்டே வரி. 'தேவராஜ் மேல புகார் குடுக்காதே. நான் வந்து சொல்றேன்.' அவ்வளவுதான், நானே போனை வைத்துவிட்டேன். வந்து சொல்கிறேன் என்கிறவர் வருகிறாரா என்பதே கேள்வியாக இருக்கும்போது இது என்ன பதில் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், சாட்சிக்கு ஒரு வெளி ஆள் வேண்டும் என்று பாடி ராமனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சென்னீர்குப்பம் போனேன். போகிற வழியில் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜினைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன், அவ்வளவுதான்.

ராமன் வண்டியில் இருந்த இன்ஜினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தேன். பின்பக்கம், பழைய டயர்களுக்கு அந்தப் புறம், தார்ப்பாய் போட்டுக் கட்டி ஒன்று இருந்தது. அது என்ன என்றேன். தேவராஜ் இருமினான். பிரி என்றேன். பிரித்தான். உள்ளே ஒரு இன்ஜின், எண்ணெய் தடவி, பாலிதீன் சுற்றி, பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரி வைத்திருந்தது. பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் 'பாஸ்கல் 14-2' என்று எழுதியிருந்தது.

பென்சிலும் தாளும் எப்போதும் என் பையில் இருக்கும். துடைத்து, தேய்த்து எடுத்தேன். 617. பைபிளில் இருந்த தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த ஆறுக்கு வாலில் ஒரு சின்ன வெட்டு உண்டு, அதுகூட அப்படியே இருந்தது. நீங்கள் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. 'அண்ணாத்த அத விக்கக் கூடாது, அண்ணி கண்லயும் படக்கூடாதுன்னாரு' என்று தேவராஜ் முணுமுணுத்தான்.

கை முழுக்க எண்ணெய். குழாயடியில் கழுவப் போனேன். ஒரு ஓட்டை டப்பாவில் பச்சைச் சோப்பு இருந்தது. கையில் தேய்த்தேன். எலுமிச்சையும் பூவும் கலந்த வாசனை.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், பாஸ்கல். மூன்று வருஷமாக நான் ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு முகம் வைத்தேன், புடவை வைத்தேன், பூந்தமல்லி பேருந்தில் எதிர்சீட்டில் உட்காரும் பெண்களையெல்லாம் சந்தேகப்பட்டேன். அவள் ஒரு மெக்கானிக் ஷெட்டுக் குழாயடியில் ஓட்டை டப்பாவில் இருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பஞ்சர் கடைக்காரர்கள் மறுபடியும் வந்து நின்றார்கள்.

அடுத்த நிமிடமே கோபம் வந்தது. நாலு நாள் ஒளிந்துகொண்டு இன்ஜின் மாற்றுவதற்கு என்ன அவசியம்? ரேஸ் விட்டு உடைத்திருப்பீர்கள், வெளிவட்டச் சாலையில் எவனோடாவது பந்தயம் கட்டியிருப்பீர்கள் என்று நினைத்தேன். அதற்குள் ராமன் வந்து, சாக்கில் தனியாகக் கட்டி வைத்திருந்த இன்ஜின் தலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு நம் கதை எதுவும் தெரியாது. பார்த்துவிட்டுச் சொன்னார்: 'இது ரேஸ்ல போன இன்ஜின் இல்லம்மா, தண்ணி கொதிச்சி வெந்துபோனது. பாரு, ஹெட்டே வளைஞ்சிகீது. யாரோ சூடு காட்டுற முள்ளு செவப்புல நிக்கறத பாக்காம, ரொம்ப நேரம் நிறுத்தாம ஓட்டிகினு வந்துகீறாங்க. ஓட்டத் தெரியாத ஆளு இல்ல. முள்ளு பாக்கத் தெரியாத ஆளு.'

தேவராஜ் அந்தத் தலையை அவரிடமிருந்து வாங்கி மறுபடியும் சாக்கில் சுற்றினான்.

பெட்ரோல் முள் இல்லையா அது? முக்கால் மணி நேரம் நூம்பலில் நின்றபோது மேலேயே நின்றதே, நான் வாசலில் உங்களுக்குப் பெருமையாகக் காட்டினேனே, அது பெட்ரோல் முள் இல்லையா? வண்டி சம்பந்தமான எல்லாப் படிவத்தின் நம்பரும் எனக்கு மனப்பாடம். வண்டிக்குள் எந்த முள் எது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு தேவராஜே சொன்னான். நான் லைசன்ஸ் வாங்கிய அன்றைக்குச் சாயந்திரம் நீங்கள் அவன் ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்தீர்களாம். என்னைத் திட்டுவீர்கள் என்று பார்த்தானாம். 'ஆபீஸ் பூரா மைசூர்பாகு குடுத்துட்டு வந்துகீறா மச்சான், ஊட்டுல இன்னும் பாடிகினு கீறா. இத எப்படிடா போயி அவகிட்ட சொல்றது' என்று கேட்டீர்களாம். இதைச் சொல்லும்போது அவன் உங்கள் குரலில் பேசினான். ஆமாம், அன்றைக்கு நான் பாடிக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நீங்கள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஒரு நாள் அழுதிருப்பேன். ஒரு வாரம் மைசூர்பாகு கசந்திருக்கும். மூன்று வருஷம் ஆகியிருக்காது. நானும் அந்த டிக்கெட்டை உங்கள் முன்னால் வைத்து இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதே நாளில் முடிந்திருக்கும். நீங்கள் எனக்காக மறைத்தீர்கள், நான் உங்களுக்கு எதிராக மறைத்தேன். இரண்டும் ஒன்றில்லை, அது எனக்குத் தெரிகிறது. உங்களை மஸ்கட்டுக்கு அனுப்பியது கம்பெனி இல்லை, நான்தான். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் விஷயத்தில் முடிவு எடுத்துவிட்டேன், உங்களைக் கேட்கவில்லை. துறைமுகத்து இன்ஜின் வேண்டாம். வெள்ளத்தில் போனதும் வேண்டாம். நான் கெடுத்த 617-ஐயே கட்டச் சொல்லிவிட்டேன். உறை போட்டு, தலையைச் சமன்செய்து, புது பிஸ்டன் போட்டால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறபடியே இருக்கும், யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. 'பதினஞ்சு நாள்ல முடியறத அஞ்சு மாசம் இஸ்த்துகினு போறீங்களே அண்ணி' என்றான் தேவராஜ். ராமன் டிசம்பர் முதல் வாரத்தில் தருகிறேன் என்றார். எனக்கு டிசம்பர்தான் சரி என்றேன். தேவராஜிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவன் பெண்களுக்குக் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் இன்ஜின் பாடிக்குப் போகும்போது ஒரு பிரிண்ட், திரும்பி வரும்போது ஒரு பிரிண்ட் எடுப்பேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். நம்பிக்கை வேறு, பிரிண்ட் வேறு.

பேருந்து டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் எடுத்த அந்த இரண்டாவது பிரிண்ட்டை இதற்குள் வைத்திருக்கிறேன். அது உங்களிடம் இருக்கட்டும். கவரின் வாயில் இந்தத் தடவை செல்லோடேப் இல்லை, கையெழுத்தும் இல்லை. யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

இரண்டு வருஷத்துக்கு அவர்கள் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போட வேண்டாம், பாஸ்கல். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அழுதுவிட்டு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். போடவில்லை என்றால் டிசம்பரில் வாருங்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நான்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவேன். திரும்பும்போதும் நான்தான் ஓட்டுவேன், நூம்பல் வழியாகவே வருவேன். நீங்கள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து எந்த முள் எது என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

ஆரோக்கிய மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சிவப்புக்குப் போனால் சிவப்பு என்று சொல்லுங்கள். நான் நிறுத்திவிடுகிறேன்.

என்றும் உங்கள்
ரியா